யாருக்கான துல்லியம்?

'நல்ல ஒலி' என்கிற சொல்லாடலை யார் கட்டமைக்கிறார்கள்? இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது அம்பத்தூரில், ஓர் ஆலைவாசல் கூட்டத்தில். குழாய் ரேடியோவில் பேச்சு கரகரத்தது. "என்னண்ணே, சத்தம் ஒடையுதே?" என்றேன். மைக்செட்காரர் சிரித்தார்: "பாட்டு கேக்கவா வந்திருக்காங்க தம்பி? கடைசி ஆளுக்கு வார்த்தை புரிஞ்சா போதும்."

இந்தப் பதிலுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1927இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஹரால்ட் பிளாக், தொலைபேசித் தடங்களுக்காக எதிர்ப்பின்னூட்டத்தைக் கண்டறிந்தார். வெளிவருவதில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி உள்ளே அனுப்பினால், ஆம்ப்ளிஃபயர் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். 1947இல் வில்லியம்சன் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட வால்வு ஆம்ப்ளிஃபயர், இதைக்கொண்டு சிதைவை 0.1 சதவீத அளவுக்குக் குறைத்தது. எதையும் சேர்க்காதே, எதையும் குறைக்காதே என்பது ஹை-ஃபையின் வேதமாயிற்று.

வேதம் சொல்லாமல் விடும் நிபந்தனைகள் உண்டு: அமைதியான அறை, எதிரே சாய்ந்திருக்கும் ஒருவர், எல்லைக்குள் அடங்கிய ஒலி. எல்லை தாண்டினால் பின்னூட்டம் கைவிட்டுவிடும். அலையின் தலை சட்டெனச் சீவப்படும். பின்னூட்டம் குறைந்த வால்வு செட்டோ மெல்ல மெல்ல மழுங்கும். எந்நேரமும் எல்லையில் நின்று கத்த வேண்டியிருக்கிற குரலுக்கு அந்த 0.1 எதையும் சொல்வதில்லை.

மைக்செட்டின் தத்துவம் வேறு. 100 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேரே அனுப்பினால் ஒயரில் சுமார் 3.5 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட் லைனில் 1 ஆம்பியர்தான். ஒயரில் வீணாவது ஏறக்குறைய 12இல் ஒரு பங்காகிவிடும். மெல்லிய ஒயரிலேயே தெருமுனைவரை குழாய் கட்டலாம். இதற்கும் விலை உண்டு. குழாய்க்குக் குழாய் வைக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரிலும் குழாயிலும் அடிநாதம் அடிபடும். தவிலின் தொப்பி போய்விடும். பேச்சின் மெய்யெழுத்துகள் தங்கும்.

1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் 'சோஷலிச மாதிரி சமுதாயம்' என்று தீர்மானித்தது. அத்தகைய திறந்தவெளி அரசியலை ஒலிபெருக்கி இல்லாமல் யோசிக்கவே முடியாது.

குழாயைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. நோயாளியின் தூக்கத்தைப் பிடுங்கியதும் அதுதான். இரவு 10 முதல் காலை 6 வரை அதைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2000இல் வந்தன, நியாயந்தான். ஆனால் 'இரைச்சல்' என்று தீர்ப்பெழுதும் காது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் கேட்கணும்.

அன்று பேசியவரின் போனஸ் கணக்கு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றவர்களுக்கும் புரிந்தது. ஒலி உடைந்துதான் போயிருந்தது. கணக்கு உடையவில்லை.