கல்லடி: ஆழிப்பேரலையில் இறந்தோரையும் காணாமற்போனோரையும் அடையாளம் காணல்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலத்தில் கல்லடி, டச்பார், திருச்செந்தூர், நாவலடி ஆகிய குடியிருப்புகள் உள்ளன. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆழிப்பேரலை இவற்றை அடித்துச் சென்றது. நாவலடி ஏறத்தாழ முற்றாக அழிந்தது.

வெப்பத்தில் உடல்கள் விரைவில் உருக்குலைந்தன. இலங்கைக் கரையோரம் எங்கும் போலவே இங்கும் அடக்கம் அவசரமாக நடந்தது. உறவினரின் கண்களும், உடையும், தாலியும், உடல் தழும்புகளுமே சான்றாயின. இதே பேரலை தாக்கிய தாய்லாந்தில் பன்னாட்டு வல்லுநர்கள் பற்பதிவு, கைரேகை, மரபணு ஆகியவற்றைக் கொண்டு மாதக்கணக்கில் உடல்களை ஆராய்ந்தனர். ஆனால் அந்த முறைகள், ஒருவர் உயிரோடிருந்தபோது எடுத்த பதிவு எங்கேனும் இருந்தால்தான் பலன் தரும். கல்லடியின் மீனவக் குடும்பங்களுக்குப் பல் மருத்துவரின் கோப்பு ஏது? சிறு பிள்ளைகளுக்குத் தேசிய அடையாள அட்டையும் இல்லை. வீட்டிலிருந்த படங்கள் வீட்டோடு போயின. கருவிகளின் குறையைவிட இந்த வெறுமையே பெரிய தடை.

மரபணுச் சோதனை இப்பகுதியில் பேசப்பட்டது உயிர் பிழைத்த ஒரு குழந்தையால். தெற்கே கல்முனை வைத்தியசாலையில் 81ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை அது. ஒன்பது தம்பதியர் உரிமை கோரினர் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. முறைப்படி நீதிமன்றம் வந்தவர்கள் ஒரே தம்பதியர்தான். 2005 பெப்ரவரியில் சோதனை முடிவு அவர்களே பெற்றோர் என உறுதிசெய்தது.

பிழைத்தோரைத் தேடுவதற்குப் பட்டியல்களே வழி. பாடசாலைகளிலும் கோயில்களிலும் அமைந்த முகாம்களில் கையால் பெயர் எழுதினார்கள். தந்தை பெயரின் முதலெழுத்தோடு வரும் தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதலாம். ஒருவரே இரு பட்டியல்களில் இருவர் ஆகிவிடுவார். இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்தக் கொழும்பில் தன்னார்வக் கணினியாளர்கள் லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் துணையோடு சில வாரங்களுக்குள் ‘சஹானா’ என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் நிலச்சரிவு, 2010 ஹெய்தி நிலநடுக்கம் ஆகியவற்றிலும் அது பயன்பட்டது.

உடலே கிடைக்காதவர்களுக்குச் சட்டம் வழிவிட்டது. 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சுனாமி (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டம் காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிய இடமளித்தது. மரணச் சான்றிதழ் இல்லாமல் காணி, வங்கிக் கணக்கு, நட்டஈடு எதையும் நெருங்க முடியாத குடும்பங்களுக்கு இதுவே முதற்படி.