நாயகன் உருவான கதை

பெரகலையிலிருந்து வெல்லவாயாவை நோக்கி இறங்கும் மலைப்பாதையிலே கொஸ்லந்த என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. தியலும அருவியைக் காணச் சென்ற நேயர்கள் அவ்வூரைக் கடந்தே சென்றிருப்பார்கள். அதனைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றில், 1980களின் இறுதியில் ஓர் இரவு, லயத்து முற்றத்திலே தொலைக்காட்சிப் பெட்டியொன்றை வாடகைக்குக் கொணர்ந்து வைத்து, வீடியோ நாடாவிலே திரைப்படம் காட்டினார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஊரே கூடியிருந்தது. காட்டப்பட்ட படம் ‘நாயகன்’.

படம் முடிந்தபொழுது பலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். என் அருகில் அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தி மட்டும் என்னை நோக்கி, “தம்பி, இந்த ஆளு என்ன தொழில் செஞ்சு இவ்வளவு காசு சேத்தாரு?” என்று கேட்டாள். “கடத்தல், அம்மாயி, கப்பல்லே வர்ற சாமானைக் கள்ளத்தனமா இறக்குறது” என்றேன். அவள் பெருமூச்செறிந்து, “நல்ல வேளை, சாராயம் காச்சலையே!” என்றாள். அவளுடைய கணவனைக் கசிப்பு கொண்டுபோயிற்று என்பதைத் தோட்டத்தில் அறியாதார் இலர்.

அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையே இன்றைய பேச்சுக்கு வித்து. உண்மையில் வாழ்ந்த ஒரு மனிதன் திரைக்கு வரும்பொழுது அவனிலிருந்து எது எடுத்துக்கொள்ளப்படுகிறது, எது விட்டுவிடப்படுகிறது என்பதை அவ்வார்த்தையைத் துணையாகக் கொண்டு ஆராய்வோம்.

சட்டத்தை மீறியவனைக் கதைத்தலைவன் ஆக்குவது சினிமா கண்டுபிடித்த புதுமை அன்று. 1923ஆம் ஆண்டு பொலிசாரால் சுட்டுக்கொல்லப்பட்ட திருநெல்வேலிச் சீமைக் கொள்ளைக்காரன் ஜம்புலிங்கத்தின் கதை மக்களிடையே நெடுங்காலம் வழங்கிற்று. நம் நாட்டிலே, கொழும்பு–கண்டிச் சாலையில் மாவனெல்லைக்கு அண்மையிலுள்ள உத்துவன்கந்தையை அரணாகக் கொண்டு வழிப்பறி செய்த சரதியேல், 1864ஆம் ஆண்டு மே மாதம் கண்டியிலே தூக்கிலிடப்பட்டான். செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்தவன் என்று அவனைப் பலர் இன்றும் போற்றுகின்றனர். அவனைப் பிடிக்கச் சென்று உயிர்நீத்த சபான் என்னும் மலாய்க் காவலரைப் பொலிஸ் திணைக்களம் ஆண்டுதோறும் மார்ச் 21ஆம் நாள் நினைவுகூர்கிறது. ஆயினும், பிடித்தவர் பெயரைவிடப் பிடிபட்டவன் பெயரே மக்கள் நாவில் நிற்கிறது.

மேனாட்டாரும் இதற்கு விலக்கல்லர். சிக்காகோ நகரத்து அல் கபோனை மனத்திற்கொண்டு எடுக்கப்பட்ட ‘ஸ்கார்ஃபேஸ்’ 1932இல் வெளிவந்தபொழுது, குற்றவாளி புகழப்படுகிறான் என்று தணிக்கையாளர் அஞ்சினர். ‘நாட்டின் அவமானம்’ என்ற துணைத்தலைப்பை அதற்குச் சேர்க்க நேர்ந்தது. 1972இல் வெளிவந்த ‘காட்ஃபாதர்’ படத்திலே ‘மாஃபியா’ என்னும் சொல்லே வரலாகாது என்று இத்தாலிய அமெரிக்கர் அமைப்பொன்று வற்புறுத்திற்று. அதன் தலைவராக விளங்கிய ஜோசப் கொலம்போ தாமே அத்தகைய கும்பல் ஒன்றின் தலைவர் என்பது வரலாற்றின் நகைச்சுவை.

இனி, பம்பாய் நகருக்கு வருவோம். நம் முன்னோர் இராமேசுவரத்துக் கடலைக் கடந்து இம்மலைநாட்டுக்கு வந்த அதே காலத்திலே, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வேறு சிலர் வடக்கு நோக்கி இரயிலேறினர். அவர்களுள் தோல் பதனிடும் தொழிலாளர் பலர் பம்பாயின் சதுப்பு நிலப் பகுதியான தாராவியிலே குடியமர்ந்தனர். இங்கே காடு தேயிலைத் தோட்டமாயிற்று. அங்கே சேறு நகரமாயிற்று. இரண்டையும் ஆக்கியவை உழைப்பாளர் கைகள். ஆக்கியவருக்கு அந்த மண்ணிலே உரிமை உண்டோ என்ற வினாவும் இரு இடத்தும் எழுந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத்தாரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. பம்பாயிலே 1966இல் தோன்றிய சிவசேனை தென்னாட்டவருக்கெதிராகக் கிளர்ச்சி செய்தது.

இத்தகைய பம்பாயிலே வளர்ந்தவர்தான் வரதராஜ முதலியார். தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடிச் சென்ற இவர் விக்டோரியா டெர்மினஸ் இரயில் நிலையத்திலே சுமை தூக்கி வாழ்வைத் தொடங்கினார். அப்பொழுது பம்பாய் மாநிலத்திலே மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் மதுவைத் தடுத்ததேயன்றி மது வேட்கையைத் தடுக்கவில்லை. சேரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் களவாகச் சாராயம் காய்ச்சப்பட்டது. அவ்வாணிகத்தை ஒருங்கு திரட்டி ஆண்டவர்களுள் வரதராஜன் முதன்மையானவர். துறைமுகத்துச் சரக்குத் திருட்டு முதலிய தொழில்களும் அவருடன் சேர்த்துப் பேசப்பட்டன. பம்பாயின் நிழலுலகத்திலே அக்காலத்தில் பெயர்பெற்ற மூவருள், இராமநாதபுரத்துப் பனைக்குளத்திலிருந்து சென்ற ஹாஜி மஸ்தானும், பட்டாணியரான கரீம் லாலாவும் மற்றை இருவர்.

ஆயினும் மாதுங்காவிலும் தாராவியிலும் வாழ்ந்த தமிழருட் பலர் வரதராஜனைக் குற்றவாளியாகக் காணவில்லை. வழக்கைத் தீர்த்துவைப்பவராகவும், இல்லாதவர்க்கு உதவுபவராகவும், பிறர் தாக்கினால் காப்பவராகவும் அவரைக் கண்டனர். மாதுங்கா இரயில் நிலையத்தின் அருகே அவர் ஆண்டுதோறும் அமைத்த விநாயகர் பந்தல் நகரமெங்கும் பேசப்பட்டது. அரசாங்கத்தின் கை எட்டாத இடத்தில் வேறொரு கை நீண்டது. அக்கை தூயதா என்று கேட்கும் நிலையில் மக்கள் இல்லை.

1970களின் நடுப்பகுதியிலே பம்பாயில் மேலாண்மைக் கல்வி பயின்ற மாணவர் ஒருவர் இந்த விந்தையைக் கண்டார். மாதுங்காவின் மக்கள் ஒரு மனிதனைத் தெய்வம்போல் மதிப்பது ஏன் என்ற வினா அவர் மனத்திற் பதிந்தது. அவரே பின்னாளில் இயக்குநரான மணிரத்னம். தயாரிப்பாளர் முக்தா சீனிவாசன், கமல்ஹாசனைக் கதாநாயகனாகக் கொண்டு படம் எடுக்க விரும்பி, ஓர் இந்திப் படத்தைத் தழுவிச் செய்யலாம் என்று அவரை அணுகினார். மணிரத்னம் அதற்கு இசையவில்லை. தம் மனத்திலிருந்த பம்பாய்க் கதையை எடுத்துரைத்தார், அதுவே ஏற்கப்பட்டது.

மக்கள் நெருங்கி வாழும் தாராவியிலே நெடுநாள் படப்பிடிப்பு நடத்துவது எளிதன்று. ஆகவே பம்பாயிலே சில நாட்களே படம் எடுக்கப்பட்டது. கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தாராவியையே எழுப்பினார். தகரக் கூரையும், சாக்கடை ஓரமும், இடுக்குச் சந்தும் அங்கே உருவாயின. பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு நிழலையும் வெளிச்சத்தையும் கொண்டு காலத்தின் ஓட்டத்தைக் காட்டிற்று. பாலகுமாரன் உரையாடல் எழுதினார். லெனினும் விஜயனும் படத்தொகுப்பைச் செய்தனர். இளையராஜாவுக்கு அது 400ஆவது படம். 1987ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த அப்படம், சிறந்த நடிகர், ஒளிப்பதிவு, கலை இயக்கம் ஆகிய மூன்றுக்கும் இந்தியத் தேசிய விருதுகளைப் பெற்றது. ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அதுவே அனுப்பப்பட்டது. 2005இல் ‘டைம்’ சஞ்சிகை தொகுத்த நூறு சிறந்த படங்களின் வரிசையிலும் அது இடம்பெற்றது.

இங்கே நாம் சற்று நின்று, வாழ்ந்த மனிதரையும் திரையில் தோன்றிய மனிதனையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

திரையில் வரும் வேலு நாயக்கரின் தந்தை ஒரு தொழிற்சங்கத் தலைவர். பொலிசார் சிறுவனைப் பின்தொடர்ந்து தந்தையைக் கண்டுபிடித்துக் கொன்றுவிடுகிறார்கள். அதற்குப் பழிவாங்கிய சிறுவன் பம்பாய்க்கு ஓடுகிறான். அவனை வளர்த்த நல்லவரும் பொலிஸ் காவலிலே மாள்கிறார். ஆகவே வேலு செய்யும் முதற் கொலைகள் நம் மனத்திலே கொலைகளாகப் பதிவதில்லை, நீதியாகவே பதிகின்றன.

அடுத்தது தொழில். திரையிலே செல்வம் கடலிலிருந்து வருகிறது. கடத்தற் பொருளை உப்பு மூட்டைகளோடு கட்டிக் கடலில் ஆழ்த்த, உப்புக் கரைந்தபின் அது மிதந்து வரும் காட்சியைக் கண்டு நாம் அவன் அறிவை வியக்கிறோம். அக்கடத்தலால் அழிந்த குடும்பம் எதுவும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இழந்தது சுங்கத் திணைக்களம் மட்டுமே. ஆனால், வாழ்ந்த மனிதரின் செல்வத்துக்கு ஊற்று கள்ளச் சாராயம். அதைக் குடித்தவர்களும் அதனால் அழிந்தவர்களும் பெரும்பாலும் அவர் காப்பதாகச் சொல்லப்பட்ட அதே ஏழைகளே. வலக்கையால் அரிசி கொடுத்த வீட்டிலே இடக்கையால் நஞ்சை விற்பவனைக் கதாநாயகன் ஆக்கினால், திரையரங்கில் இருக்கும் தாய்மார் அழமாட்டார்கள். ஆகவே சாராயம் கதையின் ஓரத்துக்குப் போயிற்று. உப்பு மூட்டை நடுவே வந்தது.

முடிவும் அத்தகையதே. திரையிலே சாட்சியமின்றி விடுதலை பெற்று நீதிமன்றத்திலிருந்து வெளியே வரும் வேலு நாயக்கரை, முன்னர் அவரால் கொல்லப்பட்ட பொலிஸ் அதிகாரியின் மகன் சுட்டு வீழ்த்துகிறான். வரதராஜனின் முடிவிலே இத்தகைய நாடகம் இல்லை. 1980களில் வை. சி. பவார் என்னும் பொலிஸ் அதிகாரியின் இடையறாத நடவடிக்கைகளால் அவருடைய ஆட்சி குலைந்தது. அவர் சென்னைக்கு ஒதுங்கினார். படம் வெளிவந்து சில மாதங்களுள், 1988 ஜனவரியிலே அங்கு இறந்தார். திரையிலே தீர்ப்பை வழங்கியது துப்பாக்கி. வாழ்விலே அதைச் செய்தது விடாப்பிடியான சட்டம்.

இவற்றைச் சொல்வது அப்படத்தைப் பழிப்பதற்கன்று. தம் படம் வரதராஜனின் வரலாறு என்று படைத்தவர்கள் பெயர் சொல்லி உரிமை கொண்டாடவில்லை. மேலும், நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்பொழுது, தமக்கே தெரியவில்லை என்று அந்த முதியவர் திகைத்து நிற்பது பொய்யான காட்சி அன்று. ஆயின் நாம் மறக்கலாகாத ஒன்று உண்டு. அவ்வினாவுக்கு விடையறிய வேண்டிய செய்திகளுள் மிக முக்கியமான ஒன்றை நமக்குக் காட்டாமலே அது நம்மிடம் கேட்கப்படுகிறது.

இக்கதை மலையகத்தாராகிய நம்மை ஏன் அவ்வளவு உருக்கிற்று? முதற்காட்சியிலேயே அதற்கு விடை இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவன் சுடப்படுவது நமக்குக் கதையன்று. 1940 ஜனவரியிலே முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். அதே ஆண்டிலே நம் ஊவா மாகாணத்தில், பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸத் தோட்டத்திலும் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். ஆயின் அங்கே நிகழ்ந்ததை நோக்குக. அவர்கள் ஒரு நாயகனைத் தேடவில்லை. தம்முள்ளிருந்து ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்ட நிருவாகம் அச்சபையோடு பேசவேண்டிய நிலை உண்டாயிற்று. அந்த எழுச்சி பின்னர் அடக்கப்பட்டது. ஆயினும் தோட்டந்தோறும் சங்கம் என்னும் எண்ணம் வேரூன்றிற்று.

நாயகனுக்கும் சங்கத்துக்கும் வேறுபாடு இதுவே: சங்கத் தலைவர் தவறினால் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம், சந்தாவை நிறுத்தலாம், வேறு சங்கத்தில் சேரலாம். நம் சங்கங்கள் குற்றமற்றவை என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு வழியிருக்கிறது என்றே சொல்கிறேன். நாயகனிடம் காலில் விழலாம், கணக்குக் கேட்கமுடியாது. “உங்கள் காசு எங்கிருந்து வந்தது?” என்று தாராவியிலே வரதராஜனைக் கேட்டவர் யார்?

கொஸ்லந்த என்றதும் இன்று நாட்டினர் நினைவுக்கு வருவது 2014 அக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிய துயரமே. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்த இடத்துக்கு வீடு வரவில்லை. இத்தகைய இடைவெளியிலேதான் ‘நமக்கென்று ஒருவன் வரமாட்டானா’ என்ற ஏக்கம் பிறக்கிறது. அந்த ஏக்கத்தைக் கண்டு நகைப்பதற்கில்லை. ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப வருபவன் யார், எதை விற்று வருகிறான் என்று கேட்கும் உரிமையை நாம் கைவிடலாகாது.

படம் பார்த்த அந்த இரவிலே எனக்கு வரதராஜனின் வரலாறு தெரியாது. பின்னர் அறிந்தபொழுது அம்மூதாட்டி உயிரோடு இல்லை. இருந்திருந்தால், “அம்மாயி, உண்மையான ஆளு சாராயந்தான் காச்சினாரு” என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் அழுத கண்ணீரைத் திரும்பப் பெற்றிருப்பாளோ, நான் அறியேன். ஆயின் அன்று அம்முற்றத்திலே கூடியிருந்தோருள் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்தியே.