வெங்காய சீஸ் பேஸ்ட்ரி

வெங்காய சீஸ் பேஸ்ட்ரி என்பது கோதுமை மாவுக்குள் பட்டரை வைத்துப் பல முறை மடித்துத் தேய்த்து, அதற்குள் வதக்கிய வெங்காயமும் துருவிய சீஸும் அடைத்து, போறணையில் சுட்டு எடுக்கும் உப்புச் சிற்றுண்டி. இலங்கையில் 'ஷோட் ஈட்ஸ்' என்று பொதுப்பெயர் பெற்ற சிற்றுண்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரோல்ஸ், கட்லட், பற்றீஸ், மீன் பணிஸ் ஆகியவை அதன் உடன்பிறப்புகள். பற்றீஸும் பேஸ்ட்ரியும் ஒன்றல்ல. பற்றீஸ் எண்ணெயில் பொரிவது, அதன் மா ஒரே தோல். பேஸ்ட்ரி போறணையில் சுடுவது, அதன் மா நூற்றுக்கணக்கான தோல். தமிழ்நாட்டில் பப்ஸ் என்று கேட்டு வாங்குவது இந்தப் பேஸ்ட்ரியைத்தான்.

இக்கட்டுரை இலங்கை மலையகத்திலுள்ள டிக்கோயாவையும் அதைச் சூழ்ந்த ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைத் தோட்டங்களையும் நடுவில் வைத்து இதன் வரலாற்றைச் சொல்கிறது. பட்டர் வைத்து மடிக்கும் இந்த மடிப்புமா குளிரை நம்பி வாழும் பண்டம். இலங்கைத் தமிழர் வாழும் இடங்களில் அந்தக் குளிர் இயற்கையாகவே கிடைப்பது மலையகத்தில் மட்டும்தான்.

மடிப்புமாவின் வேர்

மடிப்புமாவைப் பிரெஞ்சு ஓவியர் குளோட் லொரேன் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நம்ப இடமில்லை. அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே, 1607இல், ஸ்பெயினின் சலமன்காவில் வெளிவந்த டொமிங்கோ எர்னாண்டஸ் டி மசெராஸின் சமையல் நூலில் இந்த மா இடம்பெற்றுவிட்டது. 1653இல் வந்த 'லெ பத்திசியே பிரான்சுவா' என்ற பிரெஞ்சு நூல் செய்முறையை விரிவாக எழுதியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரி அந்துவான் கரேம் அதை ஒரு கலையாகவே வளர்த்தார்.

மடிப்புமாவும் சீஸும் சேர்ந்த சிற்றுண்டி இலங்கைக்கு ஆங்கில வழியில் வந்தது. 1861இல் இசபெல்லா பீட்டன் வெளியிட்ட இல்லப் பராமரிப்பு நூலில் ஒரு குறிப்பு உண்டு. மிஞ்சிய மடிப்புமாத் துண்டுகளை விரித்து, செஷயர், பார்மசான், ஸ்டில்டன் சீஸ்களில் ஏதாவது ஒன்றைத் துருவித் தூவி, மடித்துத் தேய்த்து, மறுபடியும் தூவிச் சுட வேண்டும். இரவு விருந்தின் கடைசியில் பரிமாறுவது அது. வீணாகப் போகக்கூடிய துண்டுமாவுக்கு வழி சொன்ன அந்தச் சிக்கனக் குறிப்பையே நம் பேஸ்ட்ரியின் நேர்மூதாதை என்று நான் கொள்கிறேன்.

போர்த்துக்கேயருக்கும் இதில் பங்குண்டு, அது சொற்களில் இருக்கிறது. பாண், குசினி, போறணை மூன்றும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. தோட்டத்து மக்கள் தங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்தின் அறையைச் சொல்லும் 'காம்பரா'வும் அவர்கள் சொல்தான். 1929இல் லேக் ஹவுஸ் வெளியிட்ட, ஹில்டா டொய்ட்ரம் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்' இந்தக் கலப்புச் சமையலை அச்சில் கொண்டுவந்தது. கொழும்புப் பறங்கியர் வீடுகளில் வாய்மொழியாக இருந்த பல முறைகள் மற்ற வீடுகளுக்கும் போனது அதன்பிறகுதான்.

பங்களாக் குசினி

1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஆங்கிலப் பண்ணையொன்றைத் தொடங்கி, இங்கிலாந்திலிருந்து மாடுகளையும் செம்மறிகளையும் காய்கறி விதைகளையும் இறக்கினார். மலைநாட்டில் ஆங்கிலக் காய்கறிகள் பழகத் தொடங்கிய காலம் அது. டிக்கோயாப் பள்ளத்தாக்கு அப்போது காடு. பின்னர் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்தே வந்த எங்கள் முன்னோர். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது, சில ஆண்டுகளில் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1878இல் டிக்கோயாவில் எழுந்த வோர்லி தேவாலயம் இன்றும் இருக்கிறது. தோட்டங்களை நடத்திய வெள்ளைத் துரைமார் அங்கே குடும்பமும் வழிபாடுமாக நிலைத்துவிட்டார்கள் என்பதற்கு அந்தக் கல்கட்டடமே சான்று.

1884இல் ரயில் ஹட்டனை எட்டியது. அதற்கு முன் கோதுமை மாவும் தகர டின்னில் அடைத்த பட்டரும் சீஸும் மாட்டுவண்டியிலும் ஆள் தலையிலும் ஏறி வந்தன. ரயில் வந்தபின் ஸ்டேசனிலிருந்து தோட்டத்துக்குத் தபாலோடு பாணும் இறைச்சியும் சுமந்து வர ஓர் ஆள் இருந்தான். துரை பங்களாவின் இரவுச் சாப்பாடு அவன் கால்களை நம்பியிருந்தது.

குசினியை ஆண்டவர் அப்பு எனப்பட்ட சமையற்காரர். சிங்களவரும் தமிழரும் அந்த வேலையில் இருந்தார்கள். பங்களாக் குசினியில் விறகு எரியும் இரும்பு அடுப்பு இருந்தது, அதில் சூடு காட்டும் முள் இல்லை. அடுப்புக்குள் கையை நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்த்து அப்பு சூட்டை அறிந்தார். செய்முறை ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. செய்த கைகள் பெரும்பாலும் ஆங்கிலம் படிக்காதவை. துரைசானி வாசித்துச் சொன்னதைக் கேட்டு, ஒரு தடவை பார்த்து, பிறகு விரல் நினைவிலேயே வைத்துக்கொண்ட அந்த மனிதர்களின் பெயர் எந்தச் சமையல் நூலிலும் இல்லை. மலையகப் பேஸ்ட்ரியின் வரலாற்றில் முதல் மரியாதை அவர்களுக்கே உரியது.

பங்களாவிலிருந்து கூப்பிடுதூரத்தில் லயங்கள். அங்கும் அதே கோதுமை மா. தோட்டம் அரிசியோடு பங்காகக் கொடுத்த மாவில் ரொட்டி தட்டி, சம்பலோடு தின்றுவிட்டுப் பெண்கள் கொழுந்துக்குப் போனார்கள். ஒரே மா மேட்டில் பேஸ்ட்ரியானது, லயத்தில் ரொட்டியானது. குளிர் இரண்டு இடத்துக்கும் பொதுவாகவே இருந்தது. பட்டரும் போறணையும் அப்படி இருக்கவில்லை.

மா கிடைக்காத ஆண்டுகளும் வந்தன. 1973, 1974இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, அந்நியச் செலாவணி வறண்டு, நாடெங்கும் பாண் வரிசை நீண்டது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. ரொட்டிக்கே மா இல்லாத லயத்தில் பேஸ்ட்ரியைப் பற்றிப் பேச இடமில்லை. ஆனாலும் இந்தச் சிற்றுண்டியின் வரலாற்றில் அந்த இரண்டு ஆண்டுகளை விட்டுவிட்டு எழுதுவது பிழை. 1975இல் பிரிட்டிஷ் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி பல குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போயின. நீலகிரியில் குடியேறியவர்கள் அங்கேயும் குளிரையும் தேயிலையையும் கண்டார்கள், கூடவே வர்க்கியையும் கண்டார்கள். புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியும் மாவையும் கொழுப்பையும் மடித்து மடித்துச் செய்வதுதான். தமிழர் குடியேறிய இரண்டு குளிர்மலைகளிலும் அடுக்குமாப் பண்டம் வேரூன்றியதற்குக் குளிரே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1977க்குப் பின் இறக்குமதி திறந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. ஹைலண்ட் பட்டரும் கொத்மலை சீஸும் சிறு கடைகளுக்கு எட்டின. அம்பேவெலவில் நியூசிலாந்து உதவியால் உருவாகி இன்றும் 'நியூசிலாந்துப் பண்ணை' என்றே அழைக்கப்படும் பண்ணையும், லயத்தோரம் ஓரிரு மாடு வைத்துப் பால் ஊற்றும் குடும்பங்களும் சேர்ந்து நுவரெலியா மாவட்டத்தைப் பால்வளமுள்ள இடமாக்கின. இருந்தும் லயத்தில் கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போய், பட்டராகவும் சீஸாகவும் கடைக்குத் திரும்பும்போது, கறந்தவருக்கு அது விலையுயர்ந்த சாமான். பெரும்பாலான வீடுகள் மாஜரினில் நின்றுவிடுவது இதனால்தான்.

டிக்கோயாக் குளிரும் வீட்டு முறையும்

பட்டர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் இளகும், 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். கொழும்பின் வெயிலில் மாவைத் தேய்க்கத் தேய்க்கப் பட்டர் கசிந்து மாவோடு கலந்துவிடுகிறது, அடுக்கு அழிந்துபோகிறது. அதனால் அங்குள்ள வெதுப்பகங்கள் உருகுநிலை கூடிய பேஸ்ட்ரி மாஜரினை நாடின. அது கைக்கு அடங்கும், வாயில் கரையாது. மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும். டிக்கோயா ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடிகாலை 15 பாகைக்கும் கீழே இறங்கும். தொழிலாளரை வேலைக்கு அழைக்கும் பிரட்டுச் சங்கு ஊதும் நேரத்தில் குசினிச் சீமெந்துத் திட்டைத் தொட்டால் கை விறைக்கும். குளிர்சாதனப் பெட்டியே இல்லாமல் மடிப்புமா செய்ய அதைவிட நல்ல பலகை வேண்டாம்.

வீட்டு அளவு இது: மா 250 கிராம், பட்டர் 200 கிராம், குளிர்ந்த தண்ணீர் 125 மில்லிலீற்றர், உப்பு அரைத் தேக்கரண்டி, தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி. புளிப்பு மாவின் பசையை இளக்கித் தேய்க்க வசதி செய்யும். பட்டரில் 50 கிராமை மாவோடு விரல்நுனியால் உதிர்த்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து அரைமணி நேரம் மூடி வைக்க வேண்டும். மிச்சப் பட்டரை இரண்டு தாள்களுக்கிடையில் வைத்துத் தட்டிச் சதுரமாக்கி, விரித்த மாவின் நடுவில் வைத்துக் கடித உறைபோல நான்கு பக்கமும் மூட வேண்டும். உருளைக்கட்டை இல்லாத வீட்டில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் போத்தல் போதும், சொல்லப்போனால் அதுவே மேல். நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிப்பது ஒரு மடிப்பு. இரண்டு மடிப்புக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு. நான்கு மடிப்பில் பட்டர் 81 அடுக்காகும், ஆறில் 729. வீட்டுக்கு நான்கு போதும் என்பது என் அனுபவம். போறணைச் சூட்டில் பட்டரிலும் மாவிலும் உள்ள ஈரம் ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, அடுக்கை அடுக்கிலிருந்து தூக்குகிறது. டிக்கோயா உயரத்தில் தண்ணீர் 96 பாகையிலேயே கொதிப்பதால் அந்த ஆவி சற்று முன்னதாகவே எழும்.

உள்ளீட்டில் அவசரம் ஆகாது. பெரிய வெங்காயம் மூன்றை மெல்லிய பிறைகளாக அரிந்து, சிறு தீயில் மூடாமல் வதக்க வேண்டும். முதலில் தண்ணீர் விடும், பிறகு கண்ணாடியாகும், அதன்பின் ஓரங்கள் தேன்நிறம் பிடிக்கும். இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறைந்தால் தண்ணீர் உள்ளேயே நின்று மாவின் அடித்தோலை ஊறவைத்துவிடும். ஒரு பச்சை மிளகாய், நசுக்கிய மிளகு, கறிவேப்பிலை ஒரு நெட்டு. இறக்கி நன்றாக ஆறியபின்தான் 100 கிராம் துருவிய சீஸைக் கலக்க வேண்டும். சூட்டோடு வைத்தால் பட்டர் அடுப்புக்குப் போகுமுன்னே உருகும். சீஸிலேயே உப்பு இருப்பதால் வெங்காயத்துக்கு உப்பு வேண்டியதில்லை. வெங்காயம் விலையேறிய மாதங்களில் பாதிக்குப் பாதி லீக்ஸ் சேர்க்கும் வழக்கம் நல்ல வழக்கம். அதன் இளம்பச்சை வாசம் சீஸுக்கு இன்னும் பொருந்துகிறது.

இலங்கைக் கை அதிகம் தெரிவது சீனிச் சம்பல் வைத்த பேஸ்ட்ரியில். சின்ன வெங்காயத்தை மிளகாய்த்தூள், சீனி, புளி, பட்டை, மாசிக் கருவாடு சேர்த்துக் கரியநிறம் வரும்வரை சுண்டவைத்து, அதன்மேல் ஒரு சிட்டிகை சீஸ் தூவி மூடுவது. விரத நாளென்றால் மாசியை விட்டுவிடுவார்கள். இனிப்பும் உறைப்பும் உவர்ப்பும் ஒரே கடியில் கிடைக்கும் இதைப் பீட்டன் கண்டிருக்க முடியாது. இது இங்கேதான் பிறந்தது.

மாவை 3 மில்லிமீற்றர் தடிப்பில் விரித்து 8 சென்றிமீற்றர் சதுரங்களாக வெட்டினால் 20க்குக் குறையாமல் வரும். மழுங்கிய கத்தி ஓரங்களை நசுக்கி அடுக்குகளை ஒட்டிவிடும் என்பதால் கத்தி கூராக இருக்க வேண்டும். முக்கோணமாக மடித்து, மேலே முட்டை தடவி, 200 பாகையில் 20 முதல் 25 நிமிடம். முட்டை ஓரத்தில் வழியக் கூடாது, வழிந்தால் அந்தப் பக்கம் எழாது. காஸ் போறணை இல்லாதவர்கள் தடித்த சட்டியில் மணல் பரப்பி, மேலே தகரமூடி வைத்து, மூடிமேல் கங்கு போட்டுச் சுடுவார்கள். நேரம் கூடும், நிறம் ஒருசீராக வராது. ஆனால் அடித்தோல் நன்றாக மொறுமொறுக்கும்.

ஆனி முதல் ஆவணி வரை தென்மேற்குப் பருவமழை டிக்கோயாவை மூடும். அப்போது மா டின்னிலேயே ஈரம் குடித்திருக்கும், பிசையும் தண்ணீரை ஒரு மேசைக்கரண்டியாவது குறைக்க வேண்டும். சுட்ட பேஸ்ட்ரி இரண்டு மணி நேரத்தில் தளர்ந்துவிடும்.

இன்று

பிறந்தநாள், பிள்ளையின் சடங்கு, நத்தார், வீடு குடிபுகுதல் ஆகியவற்றில் விருந்தாளி கையில் கொடுக்கும் தட்டில் கேக் துண்டும் ரோல்ஸும் வாழைப்பழமும் இருக்கும். அந்தத் தட்டில் பேஸ்ட்ரி இருந்தால் விருந்து ஒரு படி கூடியதாகக் கருதப்படுகிறது. கொழும்பு ஹோட்டல்களிலும் வெதுப்பகங்களிலும் வேலை செய்த தோட்டத்து இளைஞர்களும், வளைகுடா வீடுகளில் உழைத்துத் திரும்பிய பெண்களும் இந்தக் கலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்புமார் பங்களாவில் கற்றதைச் செய்துகாட்டச் சொந்தக் குசினி வாய்க்கவில்லை. இவர்களில் சிலருக்காவது வாய்த்திருக்கிறது.

காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரை பங்களாக்களில் சில 2005 முதல் உல்லாச விடுதிகளாகிவிட்டன. அங்கே மாலைத் தேநீரோடு இத்தகைய சிற்றுண்டிகள் வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பரிமாறப்படுகின்றன. கீழே தோட்டப் பாதையில், சிங்களத்தில் 'சூன் பாண்' எனப்படும் பாண் ஓட்டோ பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு லயம் லயமாக வருகிறது. அதன் கண்ணாடிப் பெட்டியில் மீன் பணிஸுக்குப் பக்கத்தில் முக்கோணப் பேஸ்ட்ரிகளும் இருக்கும். 2022 பொருளாதார நெருக்கடியில் மாவும் காஸும் எரிபொருளும் தட்டுப்பட்டுப் பல வெதுப்பகங்கள் அடுப்பை அணைத்தபோது அந்த மெட்டும் பல பாதைகளில் நின்றுபோயிற்று. அந்த மாதங்களில் ரொட்டிக்கென்று வாங்கிய மாவில் ஒரு கைப்பிடியை ஒதுக்கிவைத்து, மாஜரின் தடவி மடித்து, விறகடுப்பில் பிள்ளைகளுக்குச் சுட்டுக் கொடுத்த தாய்மார் இங்கே உண்டு. அதில் சீஸ் இருக்கவில்லை, வெங்காயம் மட்டும் இருந்தது.