பெருநாள் தட்டும் ஒளிப்படக் கலையும்

பெருநாள் காலையில் நம் தஞ்சைப் பகுதி இல்லங்களில் எடுக்கப்பட்ட படங்களைப் புரட்டிப் பாருங்கள். புத்தாடை உடுத்திய பிள்ளைகள் இருப்பர், பெரியவர்கள் இருப்பர். நன்னிமார் விடியுமுன் எழுந்து ஆக்கிய தம்ரூட்டும் கடற்பாசியும் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுண்டு கிடக்கும். அவற்றை மட்டுமே நடுவில் வைத்து ஒரு படம் எடுக்க நாம் எண்ணுவதில்லை. உண்பொருளையும் கலத்தையும் அமைத்துப் படைக்கும் அசைவிலாப் பொருட்கலையோ நமக்கு அந்நியமானதன்று.

ஓவியம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அணுகியபோது, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்து கொள்ளுமாறு அவருக்கு அறிவுறுத்தினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான செய்தி இது. ஒளிப்படம் வந்தபின் உலமாக்களிடையே எழுந்த கருத்து வேறுபாடும் உயிருள்ளவற்றின் உருவம் பற்றியதே. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீயி, ஒளிப்படம் ஆகுமானதென்று தனி நூலே எழுதினார். அக்கருவியின் அடிப்படையை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் இப்னுல் ஹைதம் (965–1040). கிரகணத்தின்போது சிறு துளை வழியே புகும் ஒளி பிறை வடிவில் விழுவதை அவர் விளக்கினார்.

இக்கலையில் இனிப்புக்குத் தனி இடம் உண்டு. 1627இல் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹுவான் வான் டெர் ஹாமென், படிப்படியான மேடையில் இனிப்புகளையும் மட்கலங்களையும் அடுக்கி ஓர் ஓவியம் தீட்டினார். அது இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. ஸ்பெயினுக்குக் கரும்பைக் கொண்டு சென்றவர்கள் முஸ்லிம்கள். நம் சர்க்கரையும் அரபியின் ஸுக்கரும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். ஸ்பானிய மொழியின் அஸூக்கார் அந்த அரபிச் சொல்லே. ஆயினும் அவ்வோவியம் வரையப்படுவதற்கு முன்பே, 1609 முதல் 1614 வரை, முஸ்லிம் மரபினரான மொரிஸ்கோக்கள் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மக்கள் போயினர், இனிப்பு மேசையில் எஞ்சிற்று. அதை அங்கு வேரூன்றச் செய்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

ஒளிப்படம் பிறந்ததும் இக்கலை அதற்குள் புகுந்தது. இங்கிலாந்தின் டால்பட் 1840களில் பழக்கூடைகளைப் படமாக்கினார். ரோஜர் ஃபென்டன் 1860இல் பழங்களையும் மலர்களையும் எடுத்தார். அதே காலத்தில், 1858இல், லின்னேயஸ் டிரைப் கேமராவுடன் தஞ்சைக்கு வந்தார். பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து நீண்ட ஒரே படமாக இணைத்தார். கல்லில் பொறித்த எழுத்துக்குக் கிடைத்த அந்தப் பேறு நம் அடுப்படிக்கு வாய்க்கவில்லை. கல் நிற்கும், இனிப்போ அன்று மாலைக்குள் தீர்ந்துவிடும். ஆக்கிய கைகளும் ஒருநாள் ஓய்ந்துவிடும். நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் எத்தனை நன்னிமாரின் பக்குவம் அவர்களோடு மண்ணறைக்குச் சென்றுவிட்டது!

ஆகவே இப்பெருநாளில் ஒன்று செய்வோம். தொழுகைக்குப்பின், முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்தில் தட்டை வைப்போம். விளக்குகளை அணைத்துவிடுவோம். கடற்பாசிக்குப் பின்னிருந்து ஒளி வரட்டும். அப்போதுதான் அதன் தெளிவு புலப்படும். தம்ரூட்டின் தணல் பட்ட மேற்பரப்புக்குப் பக்க ஒளியே போதும். பழைய பீங்கானோ பித்தளைத் தட்டோ உடனிருக்கட்டும். பகட்டுக்காக எதையும் வீணாக்க வேண்டா. படமெடுத்த பின் அனைவரும் பகிர்ந்து உண்போம்.

பின்னர் அப்படத்தை அச்சிட்டு, அதன் பின்புறத்தில் ஆக்கியவரின் பெயர், ஊர், ஹிஜ்ரி ஆண்டு, செய்முறை ஆகியவற்றை எழுதி வைப்போம். முகம் காட்ட விரும்பாத நம் நன்னிமாரின் கைத்திறனை அவர்களின் பேரப்பிள்ளைகள் அறிவதற்கு அந்த ஒரு தட்டின் படம் போதும், இன்ஷா அல்லாஹ்.