தண்ணீரை விடத் தடித்த சொல்

கொஞ்ச நாளாக பேஸ்புக்கில் ஒரு படம் சுற்றுது. 'இரத்தம் தண்ணீரை விடத் தடிப்பானது' என்ற ஆங்கிலப் பழமொழியை நாங்கள் எல்லாரும் பிழையாக விளங்கி வைச்சிருக்கிறமாம். 'உடன்படிக்கையின் இரத்தம் கருப்பையின் நீரை விடத் தடிப்பானது' என்பதுதான் மூலமாம். ஆகவே பெற்ற குடும்பத்தை விட நாங்களாகத் தெரிவுசெய்த நட்புத்தான் பெரிசு எண்டு அந்தப் படம் முடியுது. நானும் நம்பி இரண்டு பேருக்கு அனுப்பினன். பிறகு தேடிப் பார்த்தால், பழைய பழமொழித் தொகுப்புகள் எதிலும் அப்படி ஒரு நீண்ட வடிவம் இல்லை. 18ஆம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்துத் தொகுப்பில் இருப்பதும், 1815இல் வோல்டர் ஸ்கொட் தன் நாவலில் பாவித்ததும் எங்களுக்குத் தெரிந்த அந்தக் குறுகிய வடிவம்தான்.

அந்தப் படம் பொய்யாய்ப் போனதோட எனக்கு இன்னொரு கேள்வி வந்தது. உறவைச் சொல்ல ஏன் இரத்தம்? நாங்கள் 'தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்' எண்டு தசையைச் சொல்லுறம். தமிழ்நாட்டோட இருக்கிற உறவைத் 'தொப்புள்கொடி உறவு' எண்டு சொல்லுறம். ஆங்கிலத்தில் மட்டும் குடும்பம், சாதி, இனம், சொத்து, பகை, கொலை எல்லாம் 'பிளட்' என்ற ஒரு சொல்லுக்குள்ள போய் நிக்குது. அந்தச் சொல் எப்படி இவ்வளவையும் சுமக்க வந்தது என்று பார்த்தால், அது ஒரு சொல்லின் கதையாக மட்டும் இருக்கவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இது 'பிளோட்'. ஜேர்மன் மொழியின் 'புளூட்' இதன் சகோதரம். 'ஆசீர்வதி' என்று பொருள்படும் 'பிளெஸ்' என்ற சொல்லும் இதே வேரில் இருந்து வந்தது என்பதே மொழியியலாளர் பலரும் ஏற்கும் விளக்கம். பலியின் இரத்தத்தைப் பூசிப் புனிதமாக்கிய வழக்கம், கிறிஸ்தவம் வந்த பிறகு ஆசீர்வாதமாக மாறியிருக்கு.

அடுத்த அடுக்கு மருத்துவம். கிரேக்க மருத்துவம் உடம்பில் நான்கு நீர்கள் ஓடுகின்றன என்றது: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். 2ஆம் நூற்றாண்டில் கேலன் இதை விரித்து எழுதினார். ஐரோப்பா ஆயிரம் வருடத்துக்கு மேல் அதையே படித்தது. இரத்தம் கூடினவர் உற்சாகமானவர், நம்பிக்கைக்காரர். இரத்தத்துக்கான லத்தீன் சொல் 'சங்குவிஸ்'. அதிலிருந்து வந்த 'சங்குவின்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்றைக்கும் 'நம்பிக்கை நிறைந்த' என்றுதான் பொருள். கோபம் வந்தால் இரத்தம் கொதிக்கும், நிதானமாக இருந்தால் குளிரும் என்றும் நம்பினார்கள். கோபமே இல்லாமல் யோசித்துச் செய்த கொலையை 'இன் கோல்ட் பிளட்' என்பது இந்த நம்பிக்கையின் மிச்சம். 1628இல் வில்லியம் ஹார்வி இரத்தம் இதயத்தால் தள்ளப்பட்டு உடம்பைச் சுற்றி வருகிறது என்று காட்டினார். மருத்துவம் மெல்ல மெல்ல மாறியது. சொற்கள் மாறவில்லை.

இரத்தம் பரம்பரையானதுக்கும் ஒரு பழைய உடலியல்தான் காரணம். இரத்தம் உடம்பின் சூட்டில் பக்குவப்பட்டு விந்தாகிறது என்று அரிஸ்டோட்டில் எழுதினார். எங்கட சித்த மருத்துவத்தின் ஏழு தாதுக்களும் ஏறத்தாழ இதே ஒழுங்குதான்: சாரத்தில் தொடங்கி, செந்நீர் வழியாகப் போய், சுக்கிலத்தில் முடியும். இதை நம்பினால் தகப்பனின் இரத்தம் பிள்ளைக்குள் ஓடுகிறது என்பது உவமை இல்லை, நேரான உண்மை.

நேரான உண்மை என்று நம்பினால் அதை வைத்துச் சட்டமும் எழுதலாம். இங்கிலாந்தில் இராஜத்துரோகக் குற்றவாளியின் 'இரத்தம் கெட்டுப்போனது' என்று சட்டம் சொன்னது. அவருக்கு முன்னோரிடம் இருந்து சொத்து வராது, அவர் வழியாகப் பிள்ளைகளுக்கும் போகாது. அமெரிக்க அரசியலமைப்பு இந்தத் தண்டனை பிள்ளைகளுக்குப் போவதைத் தடுத்தது. இங்கிலாந்தில் அது முற்றாக ஒழிய 1870 ஆனது.

ஸ்பெயினில் இது இன்னும் மோசம். 1449இல் டொலெடோ நகரம், யூத மதத்தில் இருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களும் அவர்களின் வழிவந்தோரும் நகரப் பதவிகளில் இருக்க முடியாது என்று விதித்தது. ஞானஸ்நானம் எடுத்தாலும் இரத்தம் கழுவுப்படாது என்பதுதான் வாதம். 'இரத்தத் தூய்மை' என்பது அதற்கு வைத்த பெயர். பிறகு துறவற சபைகளும் கல்லூரிகளும் கூடப் பூட்டன் பூட்டி வரை துருவி அத்தாட்சி கேட்டன. உயர்குடியை ஆங்கிலத்தில் 'புளூ பிளட்' என்பது இந்த ஸ்பெயினில் இருந்து வந்த மொழிபெயர்ப்பு. யூதரோடும் முஸ்லிம்களோடும் கலக்கவில்லை என்று பெருமை பேசின கஸ்தீலியக் குடும்பங்கள், தங்கட வெள்ளைத் தோலுக்குள் நீலமாய்த் தெரியும் நரம்பைக் காட்டினார்கள். உண்மையில் நீல இரத்தம் என்றால் வெயிலில் வேலை செய்யாத தோல், அவ்வளவுதான்.

இப்ப அந்தப் பழமொழிக்குத் திரும்பி வருவம். 1859 ஜூனில் சீனாவின் டாகு கோட்டைகளைத் தாக்கப் போன பிரித்தானியக் கடற்படை நல்லா அடி வாங்கியது. அமெரிக்கா அந்தப் போரில் நடுநிலை. ஆனாலும் அங்கே நின்ற அமெரிக்கக் கொமடோர் ஜோசையா டட்னல் பிரித்தானியருக்கு உதவப் போனார். காரணமாக அவர் சொன்னது இந்தப் பழமொழியைத்தான். குடும்பத்துக்கான சொல் அங்கே வெள்ளை இனத்துக்கான சொல்லாகிவிட்டது. சீனர்கள் எந்த நீர் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் உள்நாட்டுப் போர் வந்தபோது, அதே டட்னல் தன் நாட்டுக் கடற்படையை விட்டு, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென்மாநிலங்களின் பக்கம் போனார்.

அந்தத் தென்மாநிலங்களில் இரத்தம் கணக்கு வாய்பாடாகவே மாறியது. 1924இல் வேர்ஜீனியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வேறு இன இரத்தம் துளியும் இல்லாதவர் மட்டுமே வெள்ளையர், வெள்ளையர் வெள்ளையரைத்தான் கலியாணம் கட்டலாம். ஆனால் ஒரு சிக்கல் வந்தது. அந்த மாநிலத்தின் பெரிய குடும்பங்கள் சில, தாங்கள் போகஹொண்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் பரம்பரை எண்டு பெருமை பேசிக்கொண்டிருந்தவை. அவையளுக்காகவே சட்டத்தில் ஒரு விலக்கு வைத்தார்கள்: பூர்வகுடி இரத்தம் பதினாறில் ஒரு பங்குக்கு மேற்படாவிட்டால் அவரும் வெள்ளையர். எந்த இரத்தம் அழுக்கு என்பதை ஆர் தீர்மானிக்கிறது எண்டு இதிலேயே விளங்கும். இந்தக் கலியாணத் தடையை உயர் நீதிமன்றம் உடைத்தது 1967இல், லவிங் வழக்கில்.

இவ்வளவுக்கும் இரத்தம் பற்றிய விஞ்ஞானம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனித இரத்த வகைகளைக் கண்டறிந்து வெளியிட்டார். 1930இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஒரே வகை இரத்தம் எல்லா இனத்திலும் இருக்கு. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு வகை இருக்கலாம்.

1940இல் போரில் காயப்பட்ட பிரித்தானியருக்கு அமெரிக்காவில் இருந்து பிளாஸ்மா அனுப்பும் திட்டத்தை நடத்தியவர் சார்ல்ஸ் ட்ரூ என்ற கறுப்பின மருத்துவர். இரத்தத்தைச் சேமித்து வைப்பதில் அன்றைக்கு அவரளவு விஷயம் தெரிந்தவர்கள் குறைவு. 1941இல் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் இரத்த வங்கியையும் அவரே தொடக்கி நடத்தினார். அந்த வருட முடிவில், நாடு போருக்குள் இறங்கிய நேரத்தில், அதே சங்கம் கறுப்பினத்தவரின் இரத்தத்தை ஏற்க மறுத்தது. எதிர்ப்பு வந்ததும் 1942 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. ஆனால் போத்தலில் இனத்தைக் குறித்து, புறம்பாக வைக்க வேண்டும். இதுக்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை என்று ட்ரூ வெளிப்படையாகச் சொன்னார். சங்கம் அந்தக் குறிப்பைக் கைவிட்டது 1950இல். லூசியானா மாநிலத்தில் இப்படிப் பிரித்து வைக்கும் சட்டம் 1970கள் வரை இருந்தது.

வெள்ளையர் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற மறுத்ததால்தான் 1950இல் ட்ரூ செத்தார் எண்டு ஒரு கதை இண்டைக்கும் சுற்றுது. அது உண்மை இல்லை. கார் விபத்தில் காயப்பட்ட அவருக்கு அங்கிருந்த மருத்துவர்கள் சிகிச்சை செய்தார்கள், காயம் கடுமை. ஆனால் இந்தப் பொய்யை ஏன் இவ்வளவு பேர் நம்பினார்கள் என்பது விளங்காத விஷயம் இல்லை. போத்தலில் ஒட்டியிருந்த அந்தத் துண்டு பொய் இல்லையே.

இந்தக் கதை அமெரிக்காவோட முடிஞ்சிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டன். பிறந்த மண்ணை வைத்துக் குடியுரிமை கொடுப்பது ஒரு முறை, பெற்றோரை வைத்துக் கொடுப்பது இன்னொரு முறை. இரண்டாவதைச் சட்டத்துறையில் 'யூஸ் சங்குவினிஸ்', அதாவது 'இரத்தவழி உரிமை' என்பார்கள். மேலே பார்த்த அதே லத்தீன் சொல்தான். பிரித்தானியச் சட்டம் மண்ணைப் பார்த்தது. 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் பரம்பரையைப் பார்த்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பூட்டனுக்கு ஆர் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைச்சிருப்பினம்? ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். சட்டத்தில் 'இரத்தம்' என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல்லின் வேலையைச் சட்டம் செய்தது.

அதற்கு ஆதரவாக வாக்களித்த தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தார்கள். அது சும்மா வந்த புத்தி இல்லை. எங்கட ஊரில் கலியாணம் பேசேக்க இண்டைக்கும் முதல் கேக்கிற கேள்வி, 'அவையள் என்ன ஆக்கள்?' எண்டதுதான். ஆஸ்பத்திரியில் அவசரத்துக்கு ஒரு பைந்து இரத்தம் தேவைப்பட்டு ஆக்களைத் தேடி ஓடேக்க அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டு நான் காணேல்லை. ஓ நெகட்டிவ் கிடைச்சால் கும்பிட்டு வாங்குறம். கொடுத்த பெடியன் ஆறு மாசத்தில் அதே வீட்டில் பொம்பிளை கேட்டுப் போனால், பழைய கேள்வி திரும்பி வரும்.

அந்த பேஸ்புக் படத்தை அனுப்பின இரண்டு பேருக்கும் அது பிழை எண்டு எழுதிப் போட்டன். ஒருத்தி கேட்டாள், 'பொய்யா இருந்தாலும் நல்ல பொய்தானே?' எண்டு. அவளுக்கு இன்னும் பதில் அனுப்பேல்லை. இதை அனுப்பலாம் எண்டு இருக்கிறன்.