வேலிப்பொட்டு வழியே போன உணவு



யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதியோர் மன்னரையும் கோட்டைகளையும் விரிவாக எழுதினர். வீட்டு வளவை எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும் 1990க்குப் பின் குடாநாட்டின் அடுப்புகள் அணையாதிருந்ததில் அந்த வளவுக்குப் பெரும் பங்கு உண்டு.

வளவு வெறும் வீட்டுநிலம் அன்று. கிணற்றடியில் வாழை, அடுப்படிக்குப் பின்னே முருங்கையும் கறிவேப்பிலையும், எல்லையில் பனை, கொட்டிலில் இரண்டொரு ஆடு. சுற்றிலும் கிளுவை, பூவரசு, முள்முருக்கு நட்ட உயிர்வேலி. வேலியின் குழை ஆட்டுக்கு. ஆட்டின் எரு கத்தரிக்கும் வாழைக்கும். மிளகாயும் பப்பாளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து ஐரோப்பியர் காலத்தில் நம்மிடம் வந்தவை. (நம் பங்குகளுள் பலவும் அக்காலத்தில் வந்தவைதாம், அது வேறு கதை.)

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில், அயலவர் காணிக்குள் சாய்ந்த மரத்தின் கனி யாருக்குரியது என்பதற்கும் விதி உண்டு. ஆனால் அன்றாட வாழ்வு சட்டத்தைப் பார்த்து நடக்கவில்லை. வேலியில் ஒரு பொட்டு இருக்கும். ஒரு வீட்டு முருங்கைக்காய் அதன் வழியே போகும். மறுநாள் அங்கிருந்து மாம்பழமோ மோரோ வரும். கணக்கு எழுதப்படவில்லை, பெண்களின் நினைவில் இருந்தது. மிஞ்சியது கடகத்தில் ஏறிச் சுன்னாகம், கொடிகாமம் சந்தைகளுக்குப் போயிற்று. பாசையூரிலும் நாவாந்துறையிலும் கரைசேர்ந்த மீன் உள்ளூர்களுக்குச் சென்றது. உள்ளூர்க் காய்கறி கரைக்கு வந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ரயில் நின்றது, மின்சாரம் நின்றது. எரிபொருளும் இரசாயன உரமும் தடைசெய்யப்பட்டன. நீரிறைக்கும் இயந்திரங்கள் முடங்கவே, கைவிடப்பட்டிருந்த துலாக்கள் மீண்டும் ஏறி இறங்கின. யூரியாவுக்குப் பதிலாகப் பூவரசங்குழை மண்ணுக்குள் புதைந்தது. அரிசி அரிதான வீடுகளில் மரவள்ளிக் கிழங்கும் ஒடியற் கூழும் பசியாற்றின. பனம்பழக் களியில் துணி துவைத்ததை உங்களில் பலர் அறிவீர்கள். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, ஒரு குடும்பத்துக்கென நட்ட பலாவும் தென்னையும் அவற்றின் நிழலில் தங்கிய பல குடும்பங்களுக்கு உணவாயின.

இதைப் பொற்காலக் கதையாக்க எனக்கு மனமில்லை. வளவு எல்லாருக்கும் இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் பல, பிறர் காணியில் குடியிருந்தன. கிணற்றில் தம் கையால் நீரள்ளும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. சொந்த நிலமற்றவருக்கு முருங்கை நடவும் பிறரிடம் கேட்க வேண்டியிருந்தது. வேலிப்பொட்டு எவருக்குத் திறந்தது, எவருக்குத் திறக்கவில்லை என்பதும் நம் வரலாறுதான். அதை நம் பிள்ளைகளுக்கு மறைத்துச் சொல்லக் கூடாது.

போர் முடிந்தபின் ஊர்களில் வேலிகள் குறைந்து சீமெந்து மதில்கள் பெருகின. அவற்றுள் பல நாம் இங்கிருந்து அனுப்பிய பணத்தில் எழுந்தவை. பாதுகாப்புக்காகக் கட்டினோம், குறை சொல்லவில்லை. ஆனால் மதிலில் ஆட்டுக்குக் குழை ஒடிக்க இயலாது, பொட்டும் வைக்க இயலாது. உள்ளே முதியவர் ஒருவர் தனியே இருக்க, பறிக்க ஆளின்றி முருங்கைக்காய் மரத்திலேயே முற்றிக் காய்கிறது. அடுத்த வீட்டார் அதே காயைச் சந்தையில் விலைகொடுத்து வாங்குகிறார்கள்.