கிட்டியும் காகிதமும்

எங்க பக்கம் கப்பல், வியாபாரம், அரசியல் என்று யாராவது பேச்செடுத்தால் அடுத்த வார்த்தை வ.உ.சி.தான். ஆனால் அவர் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்குவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, வியாபாரத்தில் வந்த பணத்தை அரசியலில் கொட்டிய ஒருவர் சென்னையில் இருந்தார். பெயர் கஜுலு லட்சுமிநரசு செட்டி. 1806-ல் பிறந்தவர், அவுரி வியாபாரக் குடும்பம்.

நான் அவரைத் தேடிப் போனது ‘கிட்டி’ என்ற ஒற்றைச் சொல்லால். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து நசுக்குவது கிட்டி. கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டிக் குனிய வைத்து வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். கம்பெனி ஆட்சியில் நிலவரி கட்ட முடியாத விவசாயிக்கு இதெல்லாம் நடந்தது. ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருந்தது லண்டன் மட்டும்தான்.

செட்டி 1844-ல் ‘கிரசென்ட்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1852-ல் சென்னை மக்கள் சங்கத்தை உருவாக்கினார். வரிக்கொடுமை பற்றிச் சங்கத்தின் மனு பாராளுமன்றத்துக்குப் போனது. மறு வருஷம் டான்பி சீமோர் என்ற எம்.பி. இங்கே வந்தபோது, ‘மனுவை நம்பாட்டி நேர்லயே பாருங்க’ என்கிற மாதிரி, அவரைக் கிராமங்களுக்குக் கூட்டிப் போனார். 1854-ல் சீமோர் பாராளுமன்றத்தில் பேசினார். விசாரணைக் குழு அமைந்தது.

குழு சென்னையில் இருந்தது. இன்னைக்கு சங்கரன்கோவிலில் ராத்திரி பொதிகையில் ஏறினால் காலையில் எழும்பூர். அன்று ரயிலே கிடையாது. அப்படியும் 519 பேர் நேரில் போய் நின்றார்கள். 1,440 புகார்கள் கடிதமாக வந்தன.

1855-ல் வந்த அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. பழியை மட்டும் கீழ்நிலை இந்திய ஊழியர்கள் தலையில் போட்டு, வெள்ளை அதிகாரிகளைக் காப்பாற்றியது. அடித்தவன் நம்ம ஆள்தான், சரி. அந்த வரிக்கணக்கைக் கேட்டு நெருக்கியது யார்? அந்தக் கேள்வியை அறிக்கை லேசாகத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் எழுதின காகிதம் எழுதினவன் சொல்படி மட்டுமே நடக்காது. 1857-ல் கார்ல் மார்க்ஸ் அதே அறிக்கையை எடுத்து, நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கம்பெனி ஆட்சிக்கு எதிரான சாட்சியமாக வைத்தார்.

செட்டிக்கு 1861-ல் பட்டம், 1863-ல் சென்னை சட்டசபையில் இடம். கையில் இருந்ததெல்லாம் பொதுக்காரியத்தில் கரைந்து, 1868-ல் ஏழையாகச் செத்தார்.

ரொம்பச் செலவு பண்ணி அவர் வாங்கியது என்ன என்று கணக்குப் பார்த்தால், கிட்டி உடனே ஒழியவில்லை. ஆனால் விரல் நசுங்கினவன் சொன்னது எழுத்தில் ஏறியது. அதற்கப்புறம் ‘எங்களுக்குத் தெரியாதே’ என்று யாராலும் சொல்ல முடியவில்லை.